பில் இல்லாதவர்களின் பங்கு

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கட வாட்ஸ்அப் குறூப்பில் நாங்கள் போட்ட செய்தி இதுதான்: “மழையைப் பற்றி யோசிக்க வேண்டாம். நாளைக்கு நிகழ்ச்சி நடக்கும்.”

அந்த நேரம் டித்வா புயல் நாட்டுக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. மலையகத்தில் மண்சரிவில் வீடுகள் புதைந்த செய்தி ரேடியோவில் விடாமல் போய்க்கொண்டிருந்தது. உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்திவிட்டார்கள். எங்கட கடலில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் “நடக்கும்” என்று போட்டோம். ஏன் போட்டோம் என்று இப்ப யோசித்தால் ஒரே காரணம்தான் வருகிறது. “நடக்காது” என்று முதலில் சொல்லுகிற ஆளாக இருக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை.

நடந்ததைச் சொல்லுகிறோம். அதிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு கருத்தையும் சொல்லுகிறோம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சின்னத் தேவாலயம். அதன் இளையோர் குழுவோட சேர்ந்து நவம்பர் 29 சனிக்கிழமை பின்னேரம் ஒரு நிதி சேகரிப்பு வைக்க நினைத்தோம். மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதுக்கு முதல்நாள் கரோல் பாடி, ஒடியல் கூழ் காய்ச்சி, கடைசியில் ஒரு ஏலமும் வைத்தால் நல்லாயிருக்கும் என்பது யோசனை. நாங்கள் பதினைந்து பேர். பாதிப்பேர் அந்தத் தேவாலயத்துப் பிள்ளைகள். மிச்சப்பேர் கலைப்பீடத்தில் அவர்களோட கூடப் படிக்கிறவர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதிக்குப் போகிற ஆட்களும் இதில் இருந்தார்கள், ஒரு சாமியையும் கும்பிடாத இரண்டு பேரும் இருந்தார்கள்.

தேவாலய மண்டபத்தில் பின்னேர வகுப்புக்கு வருகிற 23 பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் காசு. கடற்தொழில் செய்கிற வீடுகள், கூலி வேலைக்குப் போகிற வீடுகள். புது வருடத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் சப்பாத்து, பை, கொப்பி எல்லாம் சேர்த்து 4,500 ரூபா கணக்குப் போட்டிருந்தோம். மொத்தம் 103,500 ரூபா. உலகத்தை மாற்றுகிற தொகை இல்லை. ஆனால் பிய்ந்த சப்பாத்தோட வகுப்பு வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

ரிக்கற் ஒன்று 500 ரூபா. 214 ரிக்கற் விற்றோம். 107,000 ரூபா கைக்கு வந்தது. “பிறகென்ன, காசு சேர்ந்திட்டுது, பேசாம பிள்ளையளுக்கு வாங்கிக் குடுங்கோவன்” என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்கும் அப்படித்தான் ஒருத்தர் சொன்னார். ஆனால் அந்தக் காசு எங்கட கையில் இல்லை. சாப்பாட்டுச் சாமானுக்கு 58,000 போய்விட்டது. ஒலி, ஒளிக்கு அட்வான்ஸ் 20,000. பந்தலுக்கும் கதிரைக்கும் அட்வான்ஸ் 10,000. ரிக்கற், போஸ்டர் அச்சடிக்க 6,500. ஆக 94,500. மிச்சம் 12,500 ரூபா. ரிக்கற் காசு செலவுக்கு, ஏலத்தில் வருகிறதும் அன்று இரவு தருவதாகப் பெரியவர்கள் சொன்ன 60,000 ரூபாவும் பிள்ளைகளுக்கு. இதுதான் எங்கட திட்டம். எழுதிப் பார்க்கும்போது அழகாக இருந்த திட்டம்.

முதல் சறுக்கல் புதன்கிழமையே வந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். மீன் இல்லை, நண்டு இல்லை, கணவாய் இல்லை. கடலுணவு இல்லாமல் கூழ் எப்படி? உடனே கூடிக் கதைத்து, மரக்கறிக் கூழும் கோழிப் புக்கையும் என்று மாற்றினோம். அதை மாற்றிய கெட்டித்தனத்தில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். இப்ப பார்த்தால் அந்தச் சந்தோஷம்தான் கண்ணை மறைத்தது. ‘மீனுக்குப் பதில் கோழி’ என்று சின்னப் பிரச்சினையைத் தீர்த்ததோட பெரிய பிரச்சினையும் தீர்ந்த மாதிரி ஒரு நினைப்பு. கடலுக்குப் போக வேண்டாம் என்று ஏன் சொல்லுகிறார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியளவில் முடிவு எங்களைக் கேளாமலே வந்தது. பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்குள் வெள்ளம் வந்துவிட்டது, சனத்தைத் தங்க வைக்க மண்டபம் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். போதகர் ஐயா எங்களைப் பார்த்தார். நாங்கள் மேடைக்குக் கட்டிக்கொண்டிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தோம். அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் பாய் விரிக்கத் தொடங்கினோம்.

கொட்டில், மேடை, மைக் எல்லாம் போனது கவலைதான். அது ஒரு நாள் கவலை. அன்று இரவு, கரண்ட் இல்லாத மண்டபத்தில், கைபேசி வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையான நடுக்கம் வந்தது. அந்தக் கொப்பியில் எல்லாருக்கும் ஒரு பில் இருந்தது. அச்சகத்துக்குப் பில் இருந்தது. பந்தல்காரருக்கு இருந்தது. ஓடியோக்கார அண்ணைக்கு, கடைக்காரருக்கு, கோழி தந்தவருக்கு எல்லாருக்கும் இருந்தது. 23 பிள்ளைகளுக்கு மட்டும் பில் இல்லை.

இதுதான் நாங்கள் சொல்ல வருகிற கருத்து. நிதி சேகரிப்பு ஒன்று கடைசி நேரத்தில் குழம்பினால், நட்டம் சத்தமில்லாமல் போய் விழுகிற இடம் பில் இல்லாதவர்களின் தலை. ஒருத்தரும் திட்டமிட்டு அப்படிச் செய்கிறதில்லை. பில் வைத்திருக்கிறவர் வந்து கேட்பார், அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் வந்து கேட்க மாட்டார்கள். “இந்த முறை சரிவரேல்லை, அடுத்த முறை பாப்பம்” என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டலில் எங்கட முழு நட்டமும் மறைந்துபோகும். அதுக்குப் பிறகு நாங்கள் முகநூலில் “எதிர்பாராத காலநிலை காரணமாக” என்று ஒரு பதிவு போட்டு, நாலு பேரிடம் அனுதாபமும் வாங்கலாம்.

ஓடியோக்கார அண்ணையைக் குறை சொல்லுகிறோம் என்று நினைக்க வேண்டாம். அவரும் நாள் உழைப்பில் வாழுகிறவர். அந்தக் கிழமை அவருக்கு இருந்த நாலு நிகழ்ச்சியும் நின்றுவிட்டது. நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே 20,000 இல் 10,000 ஐத் திருப்பித் தந்தார். “முழுக்கத் தரேலாது பிள்ளையள், வாகன லீசிங் கட்ட வேணும்” என்றார். பந்தல்காரர் காசைத் தரவில்லை, வேறொரு நாளைக்குப் பந்தல் போட்டுத் தருவதாகச் சொன்னார். இரண்டும் நியாயம்தான். பில் உள்ளவர்கள் கெட்டவர்கள் என்பது எங்கட வாதம் இல்லை. அவர்களால் தங்களுக்காகப் பேச முடியும். பிள்ளைகளுக்காக யார் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்தது சாப்பாட்டுச் சாமான். சனிக்கிழமை காலமை எங்களிடம் 200 பேருக்குச் சமைக்கக்கூடிய சாமான் இருந்தது. கரண்ட் இல்லாததால் கோழி மத்தியானம் தாண்டாது. மண்டபத்துக்குள் ஈர உடுப்போட குடும்பங்கள். சமைக்கிறதா இல்லையா என்று யோசிக்க என்ன இருக்கிறது? சந்நிதிப் பக்கத்து மடம் ஒன்றில் பெரிய கிடாரமும் அகப்பையும் கேட்டோம். உடனே தந்தார்கள். செல்வச்சந்நிதி முருகனை ‘அன்னதானக் கந்தன்’ என்று சனம் சொல்லுகிறது சும்மா இல்லை. அந்த ஊரில் நூறு பேருக்குச் சமைக்கிறது ஒரு பெரிய விஷயமே இல்லை. கோயில் கிடாரத்தில், தேவாலய முற்றத்தில், தறப்பாள் பிடித்துக்கொண்டு சமைத்தோம். கூழுக்கு வெட்டி வைத்த மரவள்ளியும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் எல்லாம் அதுக்குள் போனது. சாப்பிட்ட ஒரு ஆச்சி, “உப்பு காணாது” என்றா. அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

ஆனால் இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது, அதை மறைக்க விருப்பமில்லை. சமைத்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: “இப்ப நாங்கள் ஆற்ற காசிலை புண்ணியம் செய்தனாங்கள்?” ஒருத்தருக்கும் உடனே பதில் வரவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்ததில் பிழை கண்டுபிடிக்கிறாளே என்று சிலருக்குக் கோபம். அவள் பிழை கண்டுபிடிக்கவில்லை. சமைத்தது சரி என்று அவளுக்கும் தெரியும், அவளே வெங்காயம் உரித்தவள். அந்த 58,000 ரூபா பிள்ளைகளுக்கென்று வாங்கின ரிக்கற் காசு. அதை வெள்ள நிவாரணமாக மாற்றிவிட்டு, “நாங்கள் சாப்பாடு குடுத்தம்” என்று பெருமைப்பட்டால், அந்தச் சாப்பாட்டை உண்மையில் கொடுத்தது சப்பாத்தில்லாத 23 பிள்ளைகள். அவர்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சமைத்தது சரி. ஆனால் அந்தச் செலவைக் கொப்பியில் ‘நிவாரணம்’ என்று எழுதி மூடக்கூடாது, ‘பிள்ளைகளுக்கு நாங்கள் தர வேண்டிய கடன்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல்லை மாற்றினதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கட நித்திரை மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டாவது நெருக்கடி. நாடு முழுக்க ஒரே அழுகை. கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் தோட்டக் குடியிருப்புகள் மண்ணுக்குள் போய்விட்டன. இறந்தவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி 600 ஐத் தாண்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு நாடு இப்படி ஒரு அழிவைக் காணவில்லை. பல்கலைக்கழகத்தில் எல்லாரும் உலர் உணவு சேர்க்கத் தொடங்கினார்கள். நாங்களும் சேர்த்தோம். அப்போது பல பக்கத்தாலும் ஒரே ஆலோசனை வந்தது: “உங்கட நிகழ்ச்சிக் காசை மலையகத்துக்கு அனுப்புங்கோ. செத்துக்கொண்டிருக்கிற சனம் இருக்க சப்பாத்தும் கொப்பியுமா பெரிசு?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மலையகத்துக்கு வடக்கில் இருந்து போகிற ஒவ்வொரு லொறியும் தேவைதான், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கோ. இங்கேயும் வெட்டு விழுகிறது அதே 23 பேரின் பங்கில். ஒரு பெரிய துன்பம் வரும்போது சின்னத் துன்பத்துக்கு வைத்த காசை எடுக்கிறது மிகச் சுலபம். எடுக்கிறவருக்குக் கை நடுங்காது, பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். தன்ர சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறதுக்குத்தான் கை நடுங்கும்.

சுனாமி நேரம் நடந்த ஒரு விஷயம் எங்களுக்கு இந்த இடத்தில் உதவியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அப்போது உலகம் முழுக்க இருந்து காசு கொட்டியது. சுனாமி நடந்து ஒரு கிழமை தாண்டிய அளவில், 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே, “சுனாமிக்கு எங்களால் செய்யக்கூடிய வேலைக்குக் காணும், இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம்” என்று அறிவித்துவிட்டார்கள். அதிகமாக வந்த காசை வேறு நெருக்கடிகளுக்குப் பாவிக்கலாமா என்று கொடுத்தவர்களிடமே திருப்பிக் கேட்டார்கள். விருப்பமில்லாதவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் “பரவாயில்லை, தேவையான இடத்தில் பாவியுங்கோ” என்றுதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் வேறு நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. சனம் காசு கொடுக்கிறதை நிறுத்திவிடும் என்று பயந்தார்கள். எங்களுக்கு அதில் பிடித்தது அவர்கள் கேட்டார்கள் என்பதுதான். ஒரு காரணம் சொல்லி வாங்கின காசை இன்னொரு காரணத்துக்குத் திருப்ப, வாங்கினவருக்கு உரிமை இல்லை. கொடுத்தவருக்குத்தான் உண்டு.

ஆகவே நாங்களும் கேட்டோம். ரிக்கற் வாங்கின எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்பினோம். கைபேசி இல்லாதவர்களின் வீட்டுக்குச் சைக்கிளில் போனோம். நிகழ்ச்சி நின்றுவிட்டது, உங்கட 500 ரூபாவை என்ன செய்ய வேண்டும் என்று மூன்று தெரிவு கொடுத்தோம். பிள்ளைகளுக்கே வைக்கலாம், மலையக நிவாரணத்துக்கு அனுப்பலாம், திருப்பி வாங்கலாம். கையில் எவ்வளவு மிச்சம், எவ்வளவு எதுக்குச் செலவானது என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம். அந்தச் செய்தியை எழுதத்தான் எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. வெட்கம். “ரிக்கற் காசிலேயே செலவு செய்திட்டம்” என்று எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

214 ரிக்கற்றில் 171 “பிள்ளைகளுக்கே வையுங்கோ” என்று வந்தது. 26 மலையகத்துக்கு. 17 திருப்பிக் கேட்டது. திருப்பிக் கேட்டவர்களில் ஒருத்தர், வீட்டுக்குள் வெள்ளம் வந்து அரிசி மூட்டையே நனைந்துபோன ஒரு அக்கா. நான்கு ரிக்கற் வாங்கியிருந்தா. 2,000 ரூபாவைத் திருப்பித் தரும்போது அவ எங்கட முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால் அவ தானாக வந்து கேட்டிருக்க மாட்டா. தருமத்துக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க எங்கட ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. அதனால்தான் கேட்கிற வேலை எங்களுடையது.

மலையகத்துக்கு 13,000, திருப்பிக் கொடுத்தது 8,500. கையில் இருந்த 12,500 ஓட ஓடியோக்கார அண்ணை தந்த 10,000 ஐயும் சேர்த்தால் 22,500. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு மிஞ்சினது 1,000 ரூபா. தேவை 103,500.

டிசம்பர் 20 சனிக்கிழமை, பகல் வெளிச்சத்தில், தேவாலய முற்றத்தில் ஒரு ஏலம் மட்டும் வைத்தோம். ஓடியோ இல்லை, மேடை இல்லை, அச்சடித்த ரிக்கற் இல்லை. பந்தல்காரர் சொன்னபடி வந்து தன்ர பந்தலைப் போட்டுத் தந்தார். சனம் தங்கட வளவில் இருந்ததைக் கொண்டுவந்தது. முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், வாழைக்குலை, ஒடியல், பனாட்டு, புழுக்கொடியல், இரண்டு சேவல், வீட்டில் அடித்த கேக். கடல் திறந்திருந்ததால் ஒரு கூடை மீனும் வந்தது. எங்கட தேவாலயங்களில் அறுவடைப் பண்டிகைக்கு ஏலம் போடுகிறது பழைய வழக்கம்தானே. ஒரு பூசணிக்காயை மூன்று பேர் மாறிமாறி வாங்கித் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார்கள். 61,750 ரூபா வந்தது. முதலில் சொன்ன பெரியவர்களில் சிலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதில் 31,000. சிலர் தங்கட பங்கை ஏற்கெனவே மலையகத்துக்கு அனுப்பிவிட்டார்கள், அது அவர்களின் காசு, அவர்களின் உரிமை. மொத்தம் 93,750. இன்னும் 9,750 குறைந்தது. நாங்கள் பதினைந்து பேரும் ஆளுக்கு 650 ரூபா போட்டோம்.

இந்த 650 ரூபாவைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு பேர் கடன் வாங்கித்தான் போட்டார்கள். ஆனால் அதுதான் நாங்கள் சொல்ல வந்த இடம். “நிகழ்ச்சி நடக்கும்” என்று போட்டது நாங்கள். நட்டத்தில் ஒரு பங்காவது எங்கட பையில் விழ வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒன்றை ஒழுங்கு செய்யப் போகிறவர்களுக்கு, பட்டதில் இருந்து சில விஷயம் சொல்லலாம்.

முதலாவது, நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு என்று தொடக்கத்திலேயே முடிவெடுங்கோ. தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமல் கதவை மூடி வைக்க வேண்டும், மாரியில் வெள்ளம் ஏறும்போது திறந்து கடலுக்கு விட வேண்டும். எந்த மட்டத்தில் திறக்கிறது, யார் திறக்கிறது என்பதை வெள்ளம் வந்த பிறகு கூடியிருந்து கதைக்க முடியாது. எங்களிடம் பாட்டுக்குப் பொறுப்பாள் இருந்தார், சாப்பாட்டுக்கு இருந்தார், ஸ்ரேஜுக்கு இருந்தார். நிறுத்துகிறதுக்குப் பொறுப்பாள் இல்லை. புதன்கிழமையே நிறுத்தியிருந்தால் கோழிக்கும் பந்தலுக்கும் காசு கொடுக்கவே தேவை வந்திருக்காது.

இரண்டாவது, செலவுக்கான காசையும் கொடைக் காசையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். செலவுக்கு வேறாகச் சேருங்கோ. சேரவில்லையென்றால் செலவைக் குறையுங்கோ. ரிக்கற்றில் “பிள்ளைகளின் கல்விக்காக” என்று அடித்துவிட்டு அந்தக் காசில் லைற் வாடகை கட்டுகிறது, நிகழ்ச்சி நன்றாக நடந்தாலுமே கொஞ்சம் பிழைதான். நடக்காமல் போகும்போதுதான் அந்தப் பிழை வெளியில் தெரியும்.

இது எங்கட மாதிரிச் சின்னப் பெடியளுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 1971 ஆகஸ்ட் 1 இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் ஹரிசனும் ரவிசங்கரும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய இசை நிகழ்ச்சி உலகப் பிரசித்தம். கடைசி நேரம் வரை பொப் டிலன் மேடைக்கு வருவாரா என்று தெரியாது. எரிக் கிளப்டனுக்கு உடம்பு சரியில்லை. அந்த இரண்டு சிக்கலையும் எப்படியோ தாண்டி நிகழ்ச்சி நடந்தது. ஆனால் அதன் இசைத்தட்டில் வந்த பெருந்தொகை, வரி ஒழுங்குகளை முன்கூட்டியே செய்யாததால் அமெரிக்க வரித் திணைக்களத்தில் வருடக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. மேடையில் நடக்க இருந்த தவறு ஒரு இரவில் சரியானது. கணக்கில் நடந்த தவறுக்கு அகதிகள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களிடமும் பில் இல்லை.

மூன்றாவது, நின்றுபோனால் உடனே சொல்லுங்கோ, முழுக்கச் சொல்லுங்கோ. நாங்கள் பயந்தது போல் சனம் கோபப்படவில்லை. 171 ரிக்கற் எங்களிடமே இருந்ததுக்குக் காரணம் எங்கட நிர்வாகத் திறமை இல்லை. வெட்கப்பட்டாலும் கணக்கைக் காட்டினோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எங்களுக்குப் பிடியரிசி நினைவுக்கு வந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையை நடத்த வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்த கதை யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். மிசோரத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 இல் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார்கள். சமைக்கும்போது ஒவ்வொரு தரமும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், கிழமைக்கு ஒருக்கால் திருச்சபை வந்து சேர்க்கும். இன்றுவரை அது நடக்கிறது, அதால் எத்தனையோ பணிகள் ஓடுகின்றன. சைவம், கிறிஸ்தவம் என்று இரண்டு பக்கமும் ஒரே யோசனை. அதில் மேடை இல்லை, மைக் இல்லை, கடைசி நேரத்தில் நின்றுபோக ஒன்றுமே இல்லை. புயல் அடித்தாலும் பானைக்குள் போட்ட பிடியரிசி அங்கேயே இருக்கும்.

“அப்ப கரோலும் கூழும் வேண்டாமா? எல்லாத்தையும் கணக்கொப்பியாக்கப் போறியளோ?” என்று எங்களில் பாட்டுப் பாடுகிறவன் கேட்கிறான். வேண்டும்தான். சனம் கூடிச் சிரிக்கிற இடத்தில்தான் கை தாராளமாகத் திறக்கும். டிசம்பர் 20 ஏலத்தில் அந்தப் பூசணிக்காய் மூன்று தரம் விலை போனது கணக்கால் இல்லை, பம்பலால்தான். எங்கட கேள்வி கொண்டாட்டத்தைப் பற்றியது இல்லை. கொண்டாட்டம் குழம்பினால் யாருடைய பங்கு போகும் என்று தொடங்க முதலே கேட்டீர்களா என்பதுதான். கேட்கவில்லையென்றால் பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பில் இல்லாதவருடைய பங்குதான் போகும்.

பாடசாலை தொடங்க முதல் 23 பிள்ளைகளுக்கும் சாமான் கொடுத்தோம். சப்பாத்து அளவு பிழைத்து நாலு சோடி மாற்ற வேண்டி வந்தது. விழா வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை. கொப்பியில் ‘பிள்ளைகளுக்கு நாங்கள் தர வேண்டிய கடன்’ என்று எழுதின வரியைக் கோடு போட்டு வெட்டினோம். அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறோம். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூடும்போது போஸ்டர் கீற முதல் அதைத்தான் திறக்கப் போகிறோம்.